அரக்கனின் கணக்குப் புத்தகம்

எரிமலைக்குள் ஒரு தீ அரக்கன். பெயர் ரக்னரோஸ். எதிரே நாற்பது பேர். முன்வரிசையில் இரும்புக் கவசம் பூண்ட ஒருவர். எத்தனை அடி வாங்கினாலும் லேசில் சாயமாட்டார். பின்னால் துணி அங்கியோடு நிற்பவர் வைத்தியர். ஓரடி விழுந்தால் அவர் கதை முடிந்தது. ஆனால் முன்னவர் உயிரோடு இருப்பதே பின்னவரின் கைவண்ணத்தால்தான். அரக்கனுக்குத் துளி புத்தி இருந்தால் யாரை முதலில் அடிப்பான்? வைத்தியரைத்தான். அவன் அப்படிச் செய்வதில்லை. ஏன்?

அவனிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஓர் எண். அவனை அடித்தால் உங்கள் எண் ஏறும். மற்றவர் காயத்தை ஆற்றினாலும் ஏறும், ஆனால் பாதியளவே. கவசக்காரருக்கோ அந்த எண்ணை வேகமாக ஏற்றுவதற்கென்றே தனித் திறன்கள் உண்டு. எவர் எண் பெரிதோ அவர்மேல்தான் அடி. இன்னொருவர் அவரை முந்தினாலும் அரக்கன் உடனே திரும்பமாட்டான். கிட்டே நிற்பவர் அவர் எண்ணின் 110 சதவீதத்தையும், தூரத்தில் நிற்பவர் 130 சதவீதத்தையும் தாண்ட வேண்டும். ஆகவே அடிப்பவர்கள் கையை அடக்கி அடிக்கப் பழக வேண்டும். விளையாட்டுக்காரர்கள் இந்தக் கணக்கை ‘திரெட்’ என்பார்கள். கவசக்காரர் ‘டேங்க்’, வைத்தியர் ‘ஹீலர்’.

இது 2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் வேடம் பூண்டு வாழும் இணைய விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்றது. இந்த வகையின் மூதாதை, 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’. அதில் படமே கிடையாது, வெறும் எழுத்து.

இத்தகைய விளையாட்டுகள் மூன்று கல் அடுப்பு மாதிரி. ஒரு கல் கியர்: வண்டியில் போடும் கியர் அல்ல, வாள், கவசம், மோதிரம் என உடம்பில் பூட்டிக்கொள்ளும் எல்லாமும். இரண்டாவது, குவெஸ்ட் எனும் பணிகள். மூன்றாவது, சண்டை. ஒரு கல்லை நகர்த்தினால் மற்ற இரண்டையும் நகர்த்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பானை கவிழும். நான்கு விளையாட்டுகள் இந்தக் கற்களை எப்படி வைத்திருக்கின்றன என்று பார்ப்போம்.

நிற ஏணி

வார்கிராஃப்ட்டில் பொருளின் தரத்தை நிறம் சொல்லிவிடும்: சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு. ஆரம்பத்தில் 60 நிலைகள். அதுவரை ஏற்றிவிடுபவை குவெஸ்ட்கள். ஒருவர் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் அவரிடம் வேலை இருக்கிறது. பத்து ஓநாயைக் கொன்றுவிட்டுத் திரும்பினால் அது கேள்விக்குறியாக மாறி நிற்கும்.

60ஐத் தொட்டதும் பொறுப்பு கியர் கைக்குப் போகிறது. சண்டையில் ஒரு திறனைப் பயன்படுத்தினால் அடுத்ததற்குப் பெரும்பாலும் 1.5 விநாடி காத்திருக்க வேண்டும். விரல் வேகத்தைவிடத் திட்டமும் கியரில் பொதிந்த எண்களும்தான் அங்கே பேசும். நாற்பது பேர் சேர்ந்து வீழ்த்தும் எதிரியிடம் விழுவதோ சில பொருள்கள். யாருக்கு? 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள்: வந்து உழைத்தவருக்குப் புள்ளி, பொருளை எடுத்தால் புள்ளி கழியும். கிட்டத்தட்ட ஒரு சீட்டுக் கணக்கு.

2007 ஜனவரியில் ஏணி நீண்டது. உச்சம் 70 ஆனது. மாதக்கணக்கில் போராடி ஊதா சேர்த்தவர்கள் பலர், புதிய நிலத்தின் சாதாரண குவெஸ்ட் கொடுத்த பச்சையை மாட்டிக்கொண்டு ஊதாவைப் பெட்டியில் போட்டார்கள். எண்தான் பலம் என்றால் எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பழையது காலாவதி ஆக வேண்டும்.

ஏணியை நிறுத்தினால்

2012 ஆகஸ்டில் வந்த ‘கில்ட் வார்ஸ் 2’ இங்கேதான் மாறுபட்டது. அதன் உச்ச நிலை அன்றும் 80, இன்றும் 80. மிக அரிய ‘லெஜண்டரி’ ஆயுதத்துக்கும் அதற்கு முந்தைய தரத்துக்கும் பலத்தில் வித்தியாசமில்லை. அழகும் வசதியும்தான் கூடுதல்.

கியர் கல் நகராமல் நின்றதால் சண்டைக் கல் நகர்ந்தது. டேங்க் கட்டாயமில்லை; அவரவர் உடம்பை அவரவரே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உருண்டு விலகும் அசைவு உண்டு. 100 அலகு தெம்பில் ஓர் உருளலுக்கு 50 செலவாகும். விநாடிக்கு 5 வீதம் திரும்ப ஊறும். ஆக இரண்டு முறை உருண்டுவிட்டால் அடுத்ததற்குப் பத்து விநாடி. வீணாக உருண்டவர் மாட்டிக்கொள்வார்.

குவெஸ்டும் மாறியது. குதிரையுடல் மனிதர்கள் ஊரைத் தாக்குவார்கள். அந்தப் பக்கம் வந்த எவரும் கேளாமலே சேர்ந்து தடுக்கலாம். தடுக்காவிட்டால் ஊர் பறிபோகும். மீட்பது அடுத்த வேலை. உழைத்த ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு. அதனால் அந்நியர் வந்து நின்றால் போட்டிக்காரர் வந்துவிட்டாரே என்று எரிச்சல் வராது; ஆள் கிடைத்ததே என்று சந்தோஷம்தான்.

முட்டை, பால், மாவு

இங்கிலாந்தில் பிறந்த ‘ரூன்ஸ்கேப்’ 2001 ஜனவரி முதல் ஓடுகிறது. அதன் முதல் குவெஸ்ட்களில் ஒன்றில் ரத்தமே சிந்த வேண்டியதில்லை. கோட்டைச் சமையல்காரருக்குப் பிரபுவின் பிறந்தநாள் கேக் செய்ய முட்டையும் பாலும் மாவும் வேண்டும். மாட்டைக் கறக்க வேண்டும். கோதுமையைப் பறித்துக் காற்றாலை மாடிக்கு ஏறிக் கொட்டி, கீழே இறங்கி மாவை அள்ள வேண்டும். வெகுமதி வாளல்ல, 300 புள்ளி சமையல் அனுபவமும் அவர் அடுப்பைப் பயன்படுத்த அனுமதியும்.

இங்கே ஏணி, திறமைதான். ஒரு திறமை 99ஆம் நிலையை எட்ட 1,30,34,431 புள்ளி வேண்டும். அதில் பாதி வழி 92ஆம் நிலை! உலகம் 0.6 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. எல்லாச் செயலும் அந்தத் தாளத்துக்குத்தான் நடக்கும்.

போனால் போனதுதான்

2003இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலிருந்து வந்த ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளியில் நடப்பது. கியர் என்றால் கப்பல். வெடித்தால் திரும்பி வராது. சிதறியதில் மிஞ்சியதை வென்றவர் அள்ளிக்கொள்வார். கப்பல்களை ஆட்டக்காரர்களே தாது வெட்டிக் கட்டுகிறார்கள். ஆகவே ஒருவர் இழப்பு இன்னொருவர் பிழைப்பு. அழிவுதான் சந்தையை ஓட்டுகிறது.

இங்கே பெரிய கதைகளை எவரும் எழுதித் தர வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி, தன் விண்மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் போனதால் உரிமையை இழந்தது. எதிரிகள் பாய்ந்தார்கள். சுமார் 21 மணி நேரப் போர், 7,500க்கும் மேற்பட்டோர், 75 டைட்டன் பெருங்கப்பல்கள் நாசம். நெரிசலில் சர்வர் திணறாதிருக்க விளையாட்டின் காலமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது.

நண்பர் உங்களை இப்படியொரு விளையாட்டுக்கு அழைத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “செத்தால் என்ன போகும்?” வார்கிராஃப்ட்டில் ஆவியாக நடந்து உங்கள் சடலத்திடம் போவீர்கள், கவசத்தைச் சீர்செய்யக் கொஞ்சம் காசு. கில்ட் வார்ஸில் வழிப்போக்கர் ஒருவர் குனிந்து தூக்கிவிடுவார். ஈவில் கப்பலே போகும். பணியும் சண்டையும் எப்படியிருக்கும் என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஈவிலும் வைத்தியக் கப்பல்கள் உண்டு. ஆனால் அங்கே எதிரே நிற்பது கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் அரக்கனல்ல, மனிதர். அவர் பல சமயம் முதலில் குறிவைப்பது அந்த வைத்தியரைத்தான்.