கடல் நுண்பாசிகளின் வாழ்க்கைச் சுழற்சியும் ஜொகூர் நீரிணையும்

தமிழில் ‘பாசி’ என்னும் சொல் பரந்த பொருளுடையது. குளத்து நீரில் படர்வதும் ஈரச் சுவரில் படிவதும் பாசியே; லிட்டில் இந்தியாக் கடைகளில் பொட்டலங்களாக விற்கப்படும் கடற்பாசியும் பாசியே. இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசி. ஒவ்வொன்றும் ஒரே உயிரணுவால் ஆனது. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி, கடலில் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. கடலின் உணவுச் சங்கிலியும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

மீனுக்கு உணவளிக்கும் இவ்வினத்துள் சில, மீனைக் கொல்லவும் கூடும். 2015 பிப்ரவரி இறுதியில் கிழக்கு ஜொகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் கொடுவா, களவா முதலிய மீன்கள் சில நாள்களுக்குள் பெருமளவில் மடிந்தன. இழப்பு 500 டன்னுக்கும் மேல். நீரை ஆராய்ந்தபோது, மீன்களுக்குத் தீங்கு விளைவிப்பதாக உலகெங்கும் அறியப்பட்ட கார்லோடினியம் வெனெபிகம் என்னும் நுண்பாசி அதில் காணப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் பிப்ரவரியிலும் அப்பகுதியில் மீன்கள் மடிந்திருந்தன. அங்கும் அப்போதும் ஏன் அவ்வாறு நேர்ந்தது? விடை காண, நுண்பாசி எவ்வாறு பிறந்து பெருகி ஓய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நுண்பாசிகளுள் இரு பெரும் குழுக்களை இங்கு நோக்குவோம். முதலாவது டயாட்டம். மூடியும் அடிப்பகுதியும் பொருந்திய சிமிழ்போன்ற சிலிக்கா ஓடு இதற்கு உண்டு. உயிரணு பிளவுறும்போது சேய்கள் இரண்டும் ஆளுக்கொரு பாதி ஓட்டைப் பெற்று, அதனையே மூடியாக்கி, உள்ளே சிறிய அடிப்பகுதியை அமைத்துக்கொள்கின்றன. ஆகவே தலைமுறைதோறும் ஒரு கிளை சிறுத்துக்கொண்டே வருகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சிறுத்தபின், தக்க சூழல் வாய்க்குமாயின், பாலினப் பெருக்கத்தின்வழி மீண்டும் முழு அளவுள்ள உயிரணு தோன்றும். ஓடு கட்டச் சிலிகேட் வேண்டும்; அதனை ஆறுகளே பெரும்பாலும் கடலுக்குக் கொணர்கின்றன. கனமான ஓடு மூழ்காதிருக்க நீர் கலங்கிக்கொண்டிருத்தலும் வேண்டும்.

இரண்டாவது டைனோஃபிளாஜெல்லேட், கார்லோடினியம் இக்குழுவைச் சார்ந்தது. இதற்கு இரண்டு கசையிழைகள் உள்ளன. அவற்றால் நீந்திப் பகலில் ஒளி நாடி மேலேறவும், இரவில் ஊட்டம் நாடிக் கீழிறங்கவும் பல இனங்களால் இயலும். கார்லோடினியம் ஒளிச்சேர்க்கையோடு பிற நுண்ணுயிர்களை விழுங்கியும் வாழ்கிறது. சூழல் ஏற்றதாயின் உயிரணுக்கள் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். நாளுக்கு ஒருமுறை பிளவுறும் ஓர் உயிரணு 10 நாள்களில் 1,024 ஆகிவிடும். ஊட்டம் குன்றும்போது, இக்குழுவின் பல இனங்களில் இரண்டு உயிரணுக்கள் இணைந்து, தடித்த உறையுடன் கடலடிச் சேற்றில் சென்று உறங்குகின்றன. விதைபோன்ற இவ்வுறங்கும் உயிரணு பல ஆண்டுகள் காத்திருந்து, ஒளி, வெப்பம், ஆக்சிஜன் ஆகியவை பொருந்திவரும்போது முளைக்கும்.

இனி நம் கடலைக் காண்போம். சிங்கப்பூரில் கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருத்தலின், குளிர்நாடுகளைப்போல் இளவேனில் வந்து நுண்பாசியை எழுப்புவதில்லை. பருவக்காற்றே இங்குக் காலத்தை வகுக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தென்சீனக் கடல்நீர் சிங்கப்பூர் நீரிணைக்குள் வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவின் சதுப்புநிலங்களில் ஊறிய ஆற்றுநீர் கலந்துவருவதால் உவர்ப்புக் குறைகிறது; நீரின் பழுப்பு நிறம் ஒளியையும் மட்டுப்படுத்துகிறது.

ஜொகூர் நீரிணையின் நிலை இதனினும் வேறு. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கடற்பாலம் தூண்கள்மேல் நிற்பதன்று. கடலை நிரவி எழுப்பிய கரையாகும். அது நீரிணையை இரண்டாகப் பிரித்ததால், ஒருபுறத்து நீர் மறுபுறம் தடையின்றிச் செல்வதில்லை. இருகரை ஆறுகளும் நிலப்பகுதிகளும் தரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே தங்குகின்றன. அட்டமியை ஒட்டிய நாள்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவதால் நீர் மாறுவது மேலும் தளர்கிறது. 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் சிங்கப்பூரில் வறட்சி நீடித்தது. கடும் வெயில், மிகுந்த ஊட்டம், அசையாத நீர் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுமிடத்தில் டயாட்டம் தாழும்; நீந்தவல்லது வெல்லும்.

அவ்வாறு பெருகியபின் மீனுக்குத் தீங்கு இருவழியில் வருகிறது. கார்லோடினியத்தின் நச்சு செவுளின் உயிரணுக்களைச் சிதைக்கிறது. மேலும், இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, அடர்ந்த பாசிக்கூட்டமும் மடிந்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. காட்டு மீன் விலகி ஓடலாம். கூண்டு மீனுக்கு அவ்வழி இல்லை. பல மாதங்கள் வளர்த்த உழைப்பு ஓரிரவில் அழிவது இதனால்தான்.

நீர் நிறம் மாறிய பிறகே நாம் நுண்பாசியைக் கவனிக்கிறோம். அந்நிலை நெடிய சுழற்சியின் ஒரு கட்டமேயாகும். ஆதலின் காவலும் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். நீரின் ஆக்சிஜன், உவர்ப்பு, ஊட்டம், உயிரணு எண்ணிக்கை ஆகியவற்றை இடைவிடாது அளந்தால்தான், கூண்டுகளைத் திரையிட்டு மூடவும் காற்றூட்டவும் பண்ணையாளருக்கு நேரம் கிடைக்கும். உறங்கும் உயிரணுக்கள் கப்பல்களின் நிலைப்பு நீரோடு துறைமுகம்விட்டுத் துறைமுகம் செல்லக்கூடியவை. அந்நீரைச் சுத்திகரிக்க வகைசெய்யும் அனைத்துலக உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றான நமக்கு அதன் இன்றியமையாமை விளக்க வேண்டுவதில்லை.

தேக்காச் சந்தையில் மீன் வாங்கும் நம் ஒவ்வொருவரையும் தொடும் செய்தி இது. ஆசிரியர்கள் இதனை உயிரியல் பாடமாக மட்டும் கொள்ளாது, ஓதம், பருவக்காற்று, கடற்பாலம் ஆகியவற்றோடு இணைத்துக் கற்பித்தால், மாணவர்கள் தாம் வாழும் தீவின் கடலையே பாடநூலாகப் படிக்க இயலும்.