பழைய காரின் கண்ணாடி ஓரம் ஒழுகுதா? சிலிக்கான் பூசும் முன் இதைப் படிங்க!

மழை நின்று ரெண்டு நாள் ஆகியும் காருக்குள் ஈர வாடை போகலையா? தரை மேட்டைத் தூக்கினால் அடியில் சொதசொதவென்று இருக்கிறதா? கதவு ரப்பரைச் சந்தேகப்படும் முன், முன்பக்கக் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டையும் பாருங்கள். பழைய கார்களில் தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

நீலகிரியின் குந்தா பகுதியில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. இங்குள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சென்னையில் ஓராண்டில் பெய்வதில் பாதிக்கும் மேல்! மழை இல்லாத நாளிலும் மூடுபனி கண்ணாடியில் படிந்து, சொட்டாக இறங்கி, பீடிங்குக்கு அடியில் தங்கிவிடும். வெயில் சுருக்கமாக வந்து போகும் மலையில் அது காயவே காயாது.

உங்கள் கார் எந்த வகை?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் கண்ணாடியை ஒட்டியிருக்க மாட்டார்கள். கனமான ரப்பர் பீடிங்கின் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும் இன்னொரு பள்ளத்தில் பாடியின் தகரமும் உட்கார்ந்திருக்கும். பிந்தைய பல மாடல்களில் கண்ணாடியே பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டப்பட்டது. அதன் ஓரத்தை மறைக்கும் பட்டையும் பசையிலேயே நிற்கும். இந்த இரண்டாவது வகையில் கண்ணாடி காரின் பலத்திலும் பங்கு வகிக்கிறது. அதனால் ஓரப் பட்டையை மட்டும் நாமே கழற்றலாம். கண்ணாடியையே எடுக்க வேண்டும் என்றால் அனுபவமுள்ள கண்ணாடிக் கடையில் விடுவதுதான் சரி.

ஒழுகியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி வெளியே பட்டையாக இழுத்துவிடுவது. ஒரு சீசனுக்கு ஒழுகல் நிற்கும், நிஜம்தான். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தகரத்தை அரிக்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் என்றால் இன்னும் மோசம்: அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலமே துருவுக்கு உரம். பிறகு அந்த இடத்தில் பெயின்டும் பிடிக்காது, புதுப் பசையும் பிடிக்காது. ஒழுகல் வெறும் அறிகுறி. நோய் பீடிங்குக்கு அடியில் இருக்கும் துரு.

கழற்றும்போது அவசரம் வேண்டாம்

குளிரில் ரப்பரும் பழைய பசையும் விறைத்திருக்கும். அதனால் நல்ல வெயிலுள்ள மதிய வேளையில் ஆரம்பியுங்கள். ஒட்டிய பட்டை என்றால், ஹேர் டிரையரால் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் சூடாக்கி, அடியில் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் போல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பட்டை விட்டுக்கொடுத்ததும் அடுத்த சாண். ஒரு முனையைப் பிடித்து மொத்தமாக இழுத்தால் மெல்லிய அலுமினியப் பட்டை மடங்கிவிடும். ஒருமுறை மடங்கியது நேராகாது. பழைய மாடலுக்கு மாற்றுப் பட்டை கிடைப்பதும் குதிரைக் கொம்பு. ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம், பிளாஸ்டிக் ஆப்பு போதும். பழைய கார்களில் முன்பக்கம் டஃபன்டு கண்ணாடி இருந்தால், ஓரத்தில் இரும்பு பட்ட ஒரு தட்டிலேயே மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

பட்டை வந்ததும் உண்மை நிலவரம் தெரியும். பெயின்ட் கொப்புளித்திருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். பளபளக்கும் தகரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி, முழுசாகக் காயவிட வேண்டும். தகரம் ஓட்டையாகியிருந்தால் பட்டி வைத்து நிரப்பாமல் டிங்கரிடம் வெல்டிங் வைப்பதே தீர்வு. மொத்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது இந்தக் கட்டம்தான். பலரும் தவிர்ப்பதும் இதைத்தான்.

மறுபடி பொருத்துவதில் வகைக்கு வகை முறை மாறும். ரப்பர் பீடிங் என்றால் பள்ளத்துக்குள் இறுகாத மாஸ்டிக் சீலர் வைத்து, சுற்றிலும் நைலான் கயிறு செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை உருவ வேண்டும். தனியாகச் செய்யும் வேலை இல்லை. ஒட்டும் பட்டை என்றால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பாலியூரித்தேன் சீலரை இடைவெளி விழாமல் ஒரே இழுப்பாக வைக்கவேண்டும்.

இங்கேதான் மலைக்கு ஒரு தனிக் கணக்கு. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். ஈரத்துக்குக் குந்தாவில் பஞ்சமில்லை. குளிர்தான் வேகத்தைக் குறைக்கும். டியூப்பில் போட்டிருக்கும் நேரம் பொதுவாக 23 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவில் அது பலிக்காது. இறுகும்வரை மஞ்சூர்–கெத்தை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டாம். வளைவில் பாடி முறுக்கிக்கொள்ளும்போது புது சீல் நகர்ந்துவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும் காரின் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்காற்றின் அழுத்தமே பச்சை சீலைத் தள்ளிவிடும்.

நன்கு இறுகிய பிறகு சோதனை. ஒருவர் டிஷ்யூ பேப்பரோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் தண்ணீரைக் கீழ் ஓரத்தில் தொடங்கி, மெதுவாக மேலே கொண்டுபோகட்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஓட்டை எங்கே என்றே தெரியாது.