புகைபோக்கியில ஏறினாங்க... கல்லாப்பெட்டியில இறங்கினாங்க!

கையில பெயின்ட், இடுப்புல கயிறு, எதிரே கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி. ஏறுவீங்களா பாஸ்?

2007 அக்டோபர்ல சிலர் ஏறினாங்க. இடம், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில இருந்த கிங்ஸ்நார்த் அனல்மின் நிலையம். அந்தப் பழைய ஆலைக்குப் பக்கத்துலயே புதுசா இன்னொரு நிலக்கரி ஆலை கட்டணும்னு 'ஈ.ஆன்' கம்பெனி பிளான் போட்டிருந்தது. அனுமதி தரவேண்டியது அரசாங்கம். அப்போ பிரதமர் கார்டன் பிரவுன். அதனால 'கார்டன், இதைத் தூக்கிக் குப்பையில போடு'ன்னு புகைபோக்கி மேலேயே பெரிய எழுத்துல எழுதறதுதான் கிரீன்பீஸ்காரங்களோட ஐடியா. 'கார்டன்' வரைக்கும் எழுதி முடிச்சாச்சு. அதுக்குள்ள கோர்ட் தடை உத்தரவு வந்துடுச்சு. பேரோட நின்னுபோச்சு வாக்கியம்!

புகைபோக்கியைச் சுத்தம் பண்ண சுமார் 30,000 பவுண்டு செலவுன்னு கணக்கு சொல்லி, ஆறு பேர் மேல வழக்கு. இங்கதான் மேட்டர் சூடு பிடிக்குது. 'நாங்க எழுதலை'ன்னு அவங்க சொல்லவே இல்லை. 'ஆமா, எழுதினோம். ஆனா குத்தம் இல்லை'ன்னாங்க. எப்படி? பக்கத்து வீடு தீப்பிடிச்சு எரியுது, உள்ள ஆள் இருக்கு. கதவை உடைச்சா, 'கதவு போச்சே'ன்னு உங்க மேல கேஸ் போடுவாங்களா? பெரிய சேதத்தைத் தடுக்கச் சின்ன சேதம் செய்யலாம்னு இங்கிலாந்தின் 1971-ம் வருடச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

சாட்சி சொல்ல அமெரிக்காவிலிருந்து பறந்து வந்தவர் யார் தெரியுமா? நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன்! அந்த ஆலை தினமும் கக்குறது சுமார் 20,000 டன் கார்பன் டை ஆக்ஸைடுன்னு விசாரணையில பேசப்பட்டது. 2008 செப்டம்பர்ல மெய்ட்ஸ்டோன் கோர்ட்ல ஜூரிகள் பெரும்பான்மையா சொன்ன தீர்ப்பு: 'குற்றவாளிகள் இல்லை'. அடுத்த வருஷமே ஈ.ஆன் புது ஆலைத் திட்டத்தைத் தள்ளிவச்சது, அப்புறம் கைவிட்டது. பழைய ஆலை 2012 டிசம்பர்ல மூடியாச்சு. 2018-ல அந்தப் புகைபோக்கியையே வெடிவச்சுத் தகர்த்துட்டாங்க.

(உடனே பெயின்ட் டப்பா வாங்கக் கிளம்பிடாதீங்க. 2022, 2023-ல அதே இங்கிலாந்துல போராட்டங்களுக்கு எதிரா கடுமையான புதுச் சட்டங்கள் வந்தாச்சு. இன்னிக்கும் ஜூரி அப்படியே சொல்வாங்கன்னு யாரும் கேரன்ட்டி கொடுக்க மாட்டாங்க.)

அடுத்தது க்ரைம் த்ரில்லர் டைப். 2009 ஏப்ரல், ஈஸ்டர் சமயம், நடுராத்திரி. நாட்டிங்ஹாம்ல ஒரு பள்ளிக்கூடத்துல கூடியிருந்த 114 பேரை போலீஸ் மொத்தமா அள்ளிட்டுப் போச்சு. ராட்க்ளிஃப் அனல்மின் நிலையத்துக்குள்ள நுழைஞ்சு உற்பத்தியை நிறுத்தறதுதான் அவங்க திட்டம். கிளம்பறதுக்கு முன்னாடியே போலீஸுக்கு எப்படித் தெரிஞ்சது? கூட்டத்துல ஒருத்தரா இருந்தவர் நிஜத்துல போலீஸ்! மார்க் கென்னடிங்கிற அந்த அதிகாரி, வேற பேர்ல, நீளமா முடி வளர்த்து, டாட்டூ குத்தி, ஏழு வருஷம் போராட்டக்காரர்களோட நண்பனாவே வாழ்ந்திருக்கார். அவர் ரகசியமா பதிவு பண்ணின டேப்புகளை எதிர்த்தரப்பு வக்கீல்கள் கண்ணுலயே காட்டாம மறைச்சது வெளியே வந்ததும் 2011-ல வழக்கு ஆட்டம் கண்டது. ஏற்கெனவே தண்டனை வாங்கியிருந்த 20 பேரோட தீர்ப்பும் ரத்தாச்சு.

அந்த ராட்க்ளிஃப் என்னாச்சு? பிரிட்டனோட கடைசி நிலக்கரி மின்நிலையமா இருந்து, 2024 செப்டம்பர் 30 அன்னிக்கு மூடினாங்க. 1882-ல லண்டன்ல நிலக்கரி மின்சாரம் தொடங்கின தேசத்துல, 142 வருஷக் கதை முடிஞ்சது. 2012-ல கூட அந்த நாட்டு மின்சாரத்துல கிட்டத்தட்ட 40 சதவிகிதம் நிலக்கரிதான்!

பன்னிரண்டே வருஷத்துல நாற்பது எப்படி பூஜ்யமாச்சு? பெயின்ட் மட்டும் காரணம்னு சொன்னா அது ரீல். 2013-ல அரசு ஒவ்வொரு டன் கார்பனுக்கும் கூடுதல் வரி போட ஆரம்பிச்சது, 2015-ல அதை 18 பவுண்டா ஏத்திடுச்சு. அந்தப் பக்கம் கடல் காற்றாலைகளுக்கு உத்தரவாத விலை. எரிவாயுவும் கைகொடுத்தது. நிலக்கரி எரிச்சா நஷ்டம்னு ஆனதும் கம்பெனிகளே கடையைச் சாத்தினாங்க. ஆக, சாவி இருந்த இடம் கஜானா. ஐரோப்பா முழுக்க போராட்டக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் திரும்பினது அதனாலதான்.

அதுக்கு நல்ல உதாரணம் ஸ்லோவேனியாவின் ஷோஷ்டான் ஊர். அங்க 600 மெகாவாட் ஆலை ஒண்ணு கட்டினாங்க. எரிபொருள், பழுப்பு நிலக்கரி. கடன் கொடுத்தது யாரு? ஐரோப்பிய யூனியன் நாடுகளே சொந்தக்காரங்களா இருக்கிற ஐரோப்பிய முதலீட்டு வங்கி! மொத்தம் 55 கோடி யூரோ. அதுல 44 கோடிக்கு ஸ்லோவேனியா அரசே ஜாமீன். திட்டச் செலவு ஏறி ஏறி கிட்டத்தட்ட 140 கோடி யூரோவைத் தொட்டது, ஊழல் விசாரணை வேற. இப்போ அந்த நாடே 2033-க்குள்ள நிலக்கரியை விட்டுடுவோம்னு முடிவெடுத்திருக்கு. கட்டின கடன் யார் தலையில விழும்னு நான் சொல்லணுமா?

இந்த மாதிரி கடன் பேப்பர்களைத் தோண்டி எடுத்துப் படிக்கிறதையே வேலையா வச்சிருக்கு 'பேங்க்வாட்ச்'ங்கிற அமைப்பு. பேனர் பிடிக்கிறதைவிட போர் அடிக்கிற வேலை, ஆனா பலன் உண்டு. 2013-ல அந்த வங்கி ஒரு கோடு போட்டது: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 550 கிராமுக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு விட்டா கடன் கிடையாது. புத்தம்புது நிலக்கரி ஆலையே 700 கிராமைத் தாண்டிடும், அதனால கதவு சாத்தின மாதிரிதான். 2019 நவம்பர்ல கோட்டை 250 கிராமுக்கு இறக்கி, 2021 முடிவோட எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கும் பெரும்பாலும் டாட்டா காட்டிடுச்சு.

ஸ்டூடன்ட்ஸ் சும்மா இருந்தாங்களா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள், 'நம்ம யூனிவர்சிட்டி பணம் எந்தக் கம்பெனி ஷேர்ல இருக்கு?'ன்னு கேட்டாங்க. ஒரு வருஷம் விடாம கேட்டாங்க. 2014 அக்டோபர்ல சுமார் 1.8 கோடி பவுண்டு முதலீட்டை நிலக்கரி, எண்ணெய் கம்பெனிகள்லயிருந்து படிப்படியா எடுத்துடறதா நிர்வாகம் ஒத்துக்கிச்சு. ஐரோப்பாவிலேயே முதல் யூனிவர்சிட்டி அதுதான். நீங்க கட்டற ஃபீஸ் எந்த பேங்க்ல, என்னவா இருக்குன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?

ஆனா கஜானா சண்டையில வேற மாதிரி தலைவலியும் உண்டு. ஜெர்மனி 2020-ல நிலக்கரியை விடறதுக்குச் சட்டம் போட்டப்போ, பழுப்பு நிலக்கரிக் கம்பெனிகளுக்கு 435 கோடி யூரோ நஷ்டஈடு ஒதுக்குச்சு. புகை விட்டவங்களுக்கே மக்கள் பணமான்னு கொந்தளிச்சாங்க. அதுல பெரிய பங்குக்காரரான ஆர்.டபிள்யூ.ஈ. கம்பெனியோட சுரங்கத்துக்காகத்தான் 2023 ஜனவரியில லூட்ஸராத் கிராமத்தை போலீஸ் காலி பண்ணிச்சு.

பிரிட்டனோட டிராக்ஸ் ஆலை கதையும் அப்படித்தான். அங்க நிலக்கரிக்குப் பதிலா அமெரிக்க, கனடா மரங்களோட துகள் கட்டிகளை எரிக்கிறாங்க. 'பசுமை மின்சாரம்'ங்கிற பேர்ல அரசு மானியம் கொட்டுது. காட்டை எரிச்சா அது பசுமையான்னு சண்டை. 2027-லயிருந்து 2031 வரைக்கும் மானியம் உண்டு, ஆனா இப்போ தர்றதுல பாதிதான்னு 2025 பிப்ரவரியில அரசு அறிவிச்சது. 'அந்தப் பாதி மட்டும் எதுக்கு?'ன்னு கேட்டுக்கிட்டு போராட்டக்காரங்க இன்னும் வீட்டுக்குப் போகலை.