சேலை மூட்டையோடு ஒரு மீன் வேட்டை!

வேலூரிலிருந்து போளூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஊர். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம். கடற்கரைக்குப் போக 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆனாலும், சேலை மூட்டையோடு ஊர் ஊராகச் சுற்றும் எனக்கு மீன் இல்லாமல் மதியச் சோறு இறங்காது.

அந்த ஆசைதான் ஒருமுறை என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. கடலோர ஊர் ஒன்றில் கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு சேலை கொடுக்கப் போயிருந்தேன். ‘கடல் பக்கத்திலேயே இருக்கே, எங்கே சாப்பிட்டால் என்ன’ என்று கண்ணில் பட்ட முதல் ஓட்டலில் உட்கார்ந்தேன். கானாங்கெளுத்திக் குழம்பு. அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி. சேலை போய்ச் சேர இரண்டு நாள் தாமதம். பாதியைத் திருப்பிவிட்டார்கள். அந்த வருஷத் தீபாவளியே கடனில்தான் போனது.

டாக்டர் விளக்கினார். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களை உடனே ஐஸில் வைக்காவிட்டால் ‘ஹிஸ்டமின்’ என்ற பொருள் சேர்ந்துவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சில நேரம் நாற்றம்கூடத் தெரியாது. வாயில் வைத்ததும் மிளகு போலச் சுருக்கென்றால், அப்படியே ஒதுக்கிவிட வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த ஊரில் இறங்கினாலும் காலையில் முதலில் மீன் மார்க்கெட். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலெழும்புகிறதா என்று பார்ப்பேன். பிறகு மீன்காரம்மாவிடம் ஒரே கேள்வி: “அக்கா, இன்னிக்கு உங்க வீட்ல என்ன மீன் குழம்பு?” அவர் சொல்லும் மீன்தான் அன்று அந்த ஊரின் நல்ல மீன். எந்த ஓட்டலில் அதைச் சமைக்கிறார்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது பெரிய வஞ்சிரத்துக்கு ஆசைப்படாமல், கரையோரம் போய்வரும் நாட்டுப்படகுகளில் என்ன வந்தது என்று கேளுங்கள். நெத்திலி கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம். சேலை எடுக்க வரும் சென்னை வியாபாரிகள், “இங்கே வஞ்சிரம் கிடைக்குமா?” என்பார்கள். கிடைக்கும், ஐஸ் பெட்டியில் பயணம் செய்து களைத்துப்போய்! ஏரி மீன் இருக்கும்போது அது எதற்கு? திருவண்ணாமலைப் பக்கம் போனால், 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் மீன் வறுவல் கடைகளே ஒரு திருவிழா.

போன மாதம் அப்படிக் கேட்ட ஒருவரை வீட்டுக்கே அழைத்துப் போனேன். அம்மா வைத்த விரால் குழம்பில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, சேலையைப் பிரிப்பதற்கு முன் கேட்டார்:

“அடுத்த முறை வர்றப்போ ரெண்டு நாள் முன்னாடியே போன் பண்ணிடவா, அம்மா?”