நேரலையில் நிரல் கற்பிக்கும் முன்

நேரலைப் புரோகிராமிங் வகுப்பில் ஆசிரியர் தன் திரையைப் பகிர்ந்துகொண்டு, வெற்றுக் கோப்பில் தொடங்கி ஒவ்வொரு வரியாக நிரல் எழுதுவார். மாணவர்கள் அவரவர் கணினியில் கூடவே எழுதி ஓட்டிப் பார்ப்பார்கள். முன்பே எழுதிவைத்த நிரலை ஸ்லைடில் காட்டி விளக்குவதைவிட இது மெதுவானது. ஆனால் நிரல் எப்படி வளர்கிறது, எங்கே இடறுகிறது, பிழை வந்தால் அனுபவசாலி எதை முதலில் பார்க்கிறார் என்பதெல்லாம் இதில்தான் தெரியும். கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் 1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் விஞ்ஞானிகளுக்காகத் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ பயிற்சி, பிற்காலத்தில் இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

அந்தப் பட்டறைகளில் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள்கள் இருக்கும். கொடுத்த வேலை முடிந்தால் ஒரு நிறம், உதவி வேண்டுமென்றால் மற்றது. எடுத்து லேப்டாப் மூடியில் ஒட்டிவிட வேண்டும். ஆசிரியர் தலை நிமிர்ந்தால் போதும், வகுப்பின் நிலவரம் தெரிந்துவிடும். 2020-ல் கொரோனாவால் வகுப்புகள் ஜூமுக்கு மாறியபோது பறிபோனது முக்கியமாக இந்தப் பார்வைதான். கேமராவை அணைத்துவிட்ட முப்பது பெயர்களைப் பார்த்து ஆசிரியர் பேசிக்கொண்டிருப்பார். பத்தாம் நிமிடத்தில் வழி தவறிய மாணவர் வகுப்பு முடியும்வரை வாய் திறக்க மாட்டார். ஆன்லைன் வகுப்புக்கான தயாரிப்பில் பெரும்பகுதி, இழந்த அந்தப் பார்வைக்கு மாற்று ஏற்பாடு செய்வதிலேயே கழிகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, வகுப்பு முடியும்போது மாணவர் தானாக எதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது. ‘பைத்தானில் நிபந்தனைகளைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதிவைத்தால், புரிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘வீட்டில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்று கேட்டு வாங்கி, முதல் 100 யூனிட் இலவசம் என்று வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குக் கட்டணம் கணக்கிடும் நிரலை எழுதுவார்’ என்று வைத்தால் கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். இந்தப் பயிற்சியை முதலில் எழுதிவிட்டு, அதற்கு எவையெவை வேண்டும் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்: மதிப்பை வாங்குவது, எண்ணாக மாற்றுவது, ஒப்பிடுவது, இஃப், எல்ஸ், விடையை அச்சிடுவது. பட்டியலில் வராத லிஸ்ட்டும் ஃபங்ஷனும் அடுத்த வகுப்புக்கு. இந்த வெட்டுவேலையில் மனம் இரங்குகிற ஆசிரியரின் வகுப்பு கடைசிக் கால் மணி நேரத்தில் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

ஒரே சமயத்தில் மனம் ஏந்தக்கூடிய புதுச் சரக்கு மிகக் குறைவு என்பதை அடிப்படையாக வைத்து, ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-ல் அறிதிறன் சுமைக் கோட்பாட்டை முன்வைத்தார். புரோகிராமிங் வகுப்பில் இதை நேரடியாகவே பார்க்கலாம். பழகியவருக்கு இஃப் வரி ஒரே துண்டு. புதியவருக்கோ அது ஒரு சொல், ஓர் ஒப்பீட்டுக் குறி, கடைசியில் ஒரு கோலன், அடுத்த வரியில் நான்கு இடைவெளி எனத் தனித்தனியே நினைவில் நிறுத்த வேண்டிய நாலைந்து சமாசாரம். ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதியவர்தான் இதை எளிதில் மறந்துபோவார். பாடத்தை முன்கூட்டியே நிரல் தெரியாத ஒருவரிடம் நடத்திப் பார்ப்பது அதனால்தான் அவசியம். சக பொறியாளரிடம் ஒத்திகை பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

முதல் அரை மணி நேரத்தை விழுங்குவது இன்ஸ்டலேஷன். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது, ‘பாத்’ (PATH) பட்டியலில் சேர்க்கச் சொல்லும் சின்னக் கட்டத்தை டிக் செய்ய மறந்தால், கமாண்ட் விண்டோவில் பைத்தான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். மேக்கில் பெயருக்குப் பின்னால் 3 என்ற எண்ணையும் சேர்த்து அடிக்க வேண்டியிருக்கும். அலுவலக லேப்டாப்பில் எதையும் நிறுவ அனுமதி இருக்காது. சிலரிடம் இருப்பது செல்போன் மட்டுமே. இவை அனைத்தையும் வகுப்பு நேரத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப் போனால் மற்றவர்கள் தேநீர் போடப் போய்விடுவார்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூகுள் கோலாப் போல பிரவுசரிலேயே ஓடும் தளத்தைப் பயன்படுத்துவது. கூகுள் கணக்கும் இணையமும் போதும். ஆனால் இத்தகைய தளத்தில் நிரலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதும் நோட்புக்கில், அந்தக் கட்டங்களை முன்பின்னாக ஓட்ட முடியும். அழித்துவிட்ட வரியின் மதிப்புகூட நினைவில் தங்கியிருந்து குழப்பும். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே காட்டிவிட வேண்டும். இன்னொரு வழி, ஒரு வாரம் முன்னதாகவே நிறுவும் குறிப்புகளையும் நாலு வரிச் சோதனை நிரலையும் அனுப்பி, அதை ஓட்டிக் கிடைத்த விடையைத் திருப்பி அனுப்பச் சொல்வது. விடை வராதவர்களுக்கு வகுப்புக்கு முந்தின நாள் மாலை தனியாக உதவி நேரம் ஒதுக்கலாம். ‘எல்லாரும் இன்ஸ்டால் பண்ணிட்டீங்களா?’ என்று கேட்டால் எப்போதும் ஆம் என்றே பதில் வரும். அதை நம்பக் கூடாது. நிரல் குறிப்புகளை வேர்டு கோப்பில் தட்டச்சு செய்து அனுப்புவதும் வேண்டாம். வேர்டு மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். அப்படியே எடுத்து ஒட்டினால் பைத்தான் ஏற்காது.

திரையை அமைப்பது சிறிய வேலை, பலர் கோட்டைவிடுவதும் அங்கேதான். மாணவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே சிறிய திரை. அதில் பாதி ஆசிரியரின் காட்சிக்கு, மீதி மாணவரின் சொந்த நிரலுக்கு. ஆசிரியர் தன் அகலமான மானிட்டரை முழுதாகப் பகிர்ந்தால் எழுத்துகள் எறும்பாகிவிடும். ஒரு ஜன்னலை மட்டும் பகிர்ந்து, எழுத்தை உறுத்துகிற அளவுக்குப் பெரிதாக்கிவைப்பது நல்லது. வேறொரு போனில் மாணவராகவே வகுப்பில் நுழைந்து பார்த்தால் உண்மை நிலை விளங்கும். வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் கடவுச்சொல் இருக்கும் கோப்புகளையும் மூடிவைப்பதைச் சொல்லத் தேவையில்லை.

தட்டச்சு செய்யும்போதே வாயால் சொல்லிக்கொண்டு போவது இந்த முறையின் உயிர். கோலன், அடைப்பு, அடுத்த வரி, உள்ளே தள்ளு என்று ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டும். அப்போதுதான் ஆசிரியரின் கை மாணவரின் கையை முந்தாது. எங்கே நிற்பது என்பதையும் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். ஐந்தாறு வரிக்கு ஒரு நிறுத்தம், அங்கே அனைவரும் ஓட்டிப் பார்த்து, வந்த விடையைச் சாட்டில் இட வேண்டும். ஜூமில் உள்ள ஆம், இல்லை குறிகளும் ஒட்டுத்தாளின் வேலையை ஓரளவு செய்யும். இருந்தாலும், விடையையே அனுப்பச் சொல்வதுதான் நம்பகமானது. மின்கட்டண நிரலில் மிச்ச யூனிட் 20 என்று வர வேண்டிய இடத்தில் 120 என்று வந்தால், இலவச 100-ஐக் கழிக்கவில்லை என்பதும் உடனே புலப்படும். பின்தங்கியவர் எடுத்து ஓட்டிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்ள, அந்தந்த நிறுத்தம் வரையிலான நிரலைத் தனித்தனிக் கோப்புகளாக முன்பே இணையத்தில் ஏற்றிவைத்திருக்க வேண்டும்.

பிழைகளையும் திட்டமிட்டே கொண்டுவரலாம். மின்கட்டண நிரலில் இன்புட் கட்டளை வாங்கித் தருவது எண் போலத் தெரியும் எழுத்துச் சரம்தான். அதை அப்படியே 100-உடன் ஒப்பிட்டால் டைப் எரர் வரும். நல்ல ஆசிரியர் இந்தப் பிழையை வரவிட்டு, பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படித்துக்காட்டி, பிறகு எண்ணாக மாற்றுவார். எரர் வந்தால் பதற வேண்டியதில்லை என்பதை மாணவர் கற்றுக்கொள்ளும் இடம் இது.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதற்கும் பயிற்சி வேண்டும். 1970-களில் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடியே காத்திருப்பதையும், மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீண்டும் தெளிந்தும் வருவதையும் கண்டறிந்தார். ஆன்லைனில் ஒலி வந்துசேரும் தாமதமும் தட்டச்சு நேரமும் வேறு இருப்பதால் மூன்று நொடிகூடப் போதாது. செல்போனில் இருப்பவர்களுக்கு, 2006-ல் நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பட்ரிஷியா ஹேடனும் வகுத்த புதிர்முறை பயன்படும்: கலைத்துப்போட்ட நிரல் வரிகளை ஒழுங்காக அடுக்க வேண்டும். வரி எண்களை மட்டும் சாட்டில் இட்டால் போதும், எதையும் டைப் செய்ய வேண்டாம்.

சாட்டைக் கவனிக்க இன்னொருவர் இல்லாமல் இருபது பேருக்கு மேல் நேரலை வகுப்பு எடுக்காமல் இருப்பதே நல்லது. ஒருவரே எழுதி, பேசி, சாட்டையும் படிக்க முயன்றால் மூன்றும் கெடும். அந்த உதவியாளரிடமும் பாடக்குறிப்பின் பிரதி இருக்க வேண்டும். ஆசிரியரின் வீட்டில் மின்சாரம் போனால் வகுப்பைத் தொடரப்போவது அவர்தான். பதிவு செய்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லி மாணவர்களின் சம்மதம் கேட்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, தனியாக ஒத்திகை பார்த்தபோது ஆன நேரத்தைப்போல் இருமடங்கு ஒதுக்குவது பாதுகாப்பு. நேரில் இரண்டு முழு நாள் நடந்துவந்த கார்பென்ட்ரி பட்டறைகளே ஆன்லைனுக்கு வந்தபோது பெரும்பாலும் நான்கு அரை நாள்களாகப் பிரிக்கப்பட்டன. வீட்டுத் திரையின் முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொள்வது யாருக்கும் எளிதல்ல.