வரிசை ஏன் நீள்கிறது?

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையங்களின் வாசலில் கூட்டம் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொடுங்கையூரில் அப்படி ஒரு மையத்தில் ஒரே ஓர் ஊழியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மனுவை முடிக்க அவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. ஆகவே மணிக்கு 12 பேரைக் கவனிக்க அவரால் முடியும். வருவோரோ மணிக்கு 10 பேர்தாம். அப்படியானால் வரிசையே உண்டாகக் கூடாதல்லவா?

கடிகாரம் பார்த்து 6 நிமிடத்துக்கு ஒருவராக அவர்கள் வந்தால், ஒவ்வொருவர் வேலையும் சரியாக 5 நிமிடத்தில் முடிந்தால், வரிசை உண்டாகாதுதான். ஆனால் நால்வர் சேர்ந்தாற்போல் வருவர். பிறகு கால் மணி நேரம் ஒருவரும் வரார். ஆதார் அட்டையில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறொரு பெயருமாக ஒருவர் வந்தால் அவருக்கே 20 நிமிடம் போய்விடும். ஆளில்லாத கால் மணி நேரத்தைச் சேமித்து வைத்துக் கூட்டம் வரும்போது செலவிட ஊழியரால் இயலாது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் எர்லாங், தொலைபேசி அழைப்புகளும் இப்படித் தாறுமாறாகவே வருவதைக் கண்டு 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அதன் எளிய சூத்திரத்தை நம் மையத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஊழியர் வேலையாக இருக்கும் பங்கு 10/12. ஓய்வாக இருக்கும் பங்கு 2/12. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 5. அதை ஒருவருக்கு ஆகும் 5 நிமிடத்தால் பெருக்கினால் 25. சராசரியாக ஒருவர் வரிசையில் நிற்கும் நேரம் 25 நிமிடம்!

மணிக்கு ஒரே ஒருவர் கூடுதலாக, 11 பேர் வந்தால்? 11/12-ஐ 1/12-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள்: 55 நிமிடம். 12 பேர் வந்தால் வகுக்கும் எண் பூச்சியமாகிவிடும். வரிசை நீண்டுகொண்டே போகும்.

இதில் யாருக்கு என்ன நட்டம்? ஊழியரின் ஓய்வு மணிக்கு 10 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைந்தது. மக்கள் நிற்கும் மொத்த நேரமோ 250 நிமிடத்திலிருந்து 605 நிமிடமாக ஏறிவிட்டது. நாள்கூலிக்குச் செல்பவருக்கு அது கூலியிழப்பு. ஊழியர் சற்றுச் சும்மா இருந்தால் வீண் செலவு என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையிலும் இதே தாறுமாறு உண்டு.

இரண்டு ஊழியர், மணிக்கு 20 பேர் என்றால் தனித்தனி வரிசைகளில் அதே 25 நிமிடந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரே வரிசை வைத்தால் சுமார் 11 நிமிடமாகிவிடும். ஒருவர் சும்மா இருக்க மற்றவர் முன் கூட்டம் நிற்பது அதில் நிகழாது. டோக்கன் முறையின் பயன் இதுவே.

நீங்கள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அறிய, 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதியை ஒட்டிய எளிய வழி உண்டு. 20 நிமிடத்தில் எத்தனை பேர் முடித்துச் செல்கின்றனர் என்று எண்ணுங்கள். 4 பேர் என்றால் ஆளுக்கு 5 நிமிடம். உங்களுக்கு முன்னால் 15 பேர் இருந்தால் ஏறக்குறைய 75 நிமிடம். கையில் டோக்கன் இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே வந்துவிடலாம். இல்லையேல் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.