யானைக்கால் மாத்திரையும் மறுநாள் காய்ச்சலும்

மதகடிப்பட்டு, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு யானைக்கால் கண்ணால் பார்த்துப் பழகிய நோய். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நெடுங்காலம் அதோடு மல்லுக்கட்டியது. இந்நோய்க்கான டி.இ.சி. மாத்திரையை விழுங்கிய சிலருக்கு ஓரிரு நாளில் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று அடுத்த முறை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் உடலில் இந்நோயைத் தரும் புழு இல்லாதவர்களை அதே மாத்திரை பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. இரத்தத்தில் நுண்புழுக்கள் எவ்வளவு அதிகமோ, காய்ச்சலும் அவ்வளவு கடுமை. மருந்துதான் குற்றவாளி என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

நிணநீர்க் குழாயில் அந்தப் புழு பல ஆண்டுகள் பெரிய ஆரவாரமின்றி வாழ்கிறது. அது சாகும்போதுதான் அதனுள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வெளியே சிதறுகிறது. நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் டோல் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. வந்தது எந்தக் கிருமி என்று அவற்றுக்குத் தெரியாது. பாக்டீரியாக்களுக்குப் பொதுவான, மனித உடல் செய்யாத சில மூலக்கூறுகளை மட்டுமே தெரியும். வோல்பாக்கியாவின் கொழுப்புப் புரதம் பட்டதும் 2ஆம், 6ஆம் எண் ஏற்பிகள் இணைகின்றன. செய்தி உட்கருவுக்குப் போய், அழற்சிப் புரதங்களின் மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன. இரத்தக் குழாய் கசிகிறது, மூளை உடல்வெப்பத்தை ஏற்றுகிறது. இத்தகைய ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று நோயெதிர்ப்பியல் அறிஞர் ஜேன்வே 1989இலேயே வாதிட்டார். 1996இல் ஹாஃப்மன் குழு பழ ஈயிலும், 1998இல் பாய்ட்லர் குழு எலியிலும் அதை மெய்ப்பித்தன. ஹாஃப்மன், பாய்ட்லர் இருவரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். டாக்சிசைக்ளின் கொடுத்து வோல்பாக்கியாவை முன்பே அழித்துவிட்டால், பிறகு டி.இ.சி. தரும்போது காய்ச்சல் தணிவாகவே வருகிறது. இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஆப்பிரிக்காவின் லோவா லோவா புழுவில் வோல்பாக்கியாவே இல்லை. அங்கும் மருந்துக்குப் பின் கடும் எதிர்வினை வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாகும் புழுவின் சொந்தப் பொருள்களும் உடலைச் சீண்டும் என்றே அது காட்டுகிறது. பழி அப்போதும் மருந்தின் மேல் விழவில்லை. அப்படியானால் இந்த ஏற்பிகளை அடக்கிவிடலாமா? அவற்றின் செய்தியைக் கடத்தும் புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளை நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. ஏற்பியை விட்டுவிட்டு, அதைத் தூண்டுவதைக் குறைப்பதே வழி. மாத்திரை இல்லாமலே, வீங்கிய கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலில் பெரும்பகுதி விரலிடுக்கு வெடிப்பில் நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களால் வருவது. அதனால்தான் புழு செத்து வெகுகாலமான காலையும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கச் சொல்கிறார்கள்.